நீங்கள் போடும் 7-க்கு மதிப்பு பூஜ்ஜியம்: ‘எங்களை நண்பருக்குச் சிபாரிசு செய்வீர்களா?’ என்று ஆப்கள் கேட்பது எதற்காக?

இரவு 10 மணி. கரன்ட் பில்லோ, பஸ் டிக்கெட்டோ, மொபைல் ரீசார்ஜோ, ஏதோ ஒன்றுக்குப் பணம் கட்டிவிட்டீர்கள். பச்சை டிக் வந்துவிட்டது. ஆப்பை மூடப் போகிற நேரத்தில் திரையின் கீழிருந்து ஒரு பெட்டி எட்டிப் பார்க்கிறது. “எங்கள் சேவையை உங்கள் நண்பருக்கோ, உடன் பணிபுரிபவருக்கோ சிபாரிசு செய்ய எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது?” அதற்குக் கீழே 0 முதல் 10 வரை பதினோரு பொத்தான்கள்.

பெரும்பாலானவர்கள் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். சிலர் மட்டும், ‘பரவாயில்லையே, பிரச்சினை இல்லாம வேலை முடிஞ்சுதே’ என்று 7 போடுவார்கள். இன்னும் தாராள மனசு இருந்தால் 8.

அந்த 7-ம் 8-ம் நிறுவனத்தின் கணக்கில் எவ்வளவு தெரியுமா? பூஜ்ஜியம். பாராட்டாகவும் சேராது, புகாராகவும் சேராது. கொஞ்சம் கறாரான ஆளாக இருந்து 6 போட்டிருந்தால், ‘இவர் நம்மைப் பற்றி வெளியே குறை சொல்லக்கூடியவர்’ என்ற பட்டியலில் உங்கள் பெயர் ஏறியிருக்கும்.

இந்தக் கணக்குக்கு ‘நெட் ப்ரொமோட்டர் ஸ்கோர்’ என்று பெயர். சுருக்கமாக என்பிஎஸ். வங்கி, டெலிகாம், இன்சூரன்ஸ், ஆன்லைன் ஷாப்பிங், கார் சர்வீஸ் எல்லாவற்றிலும் இதே கேள்வி வருகிறது. இந்த எண்ணை வைத்துத்தான் பல இடங்களில் கிளைகளுக்கு ரேங்க் போடுகிறார்கள். சில இடங்களில் ஊழியரின் இன்சென்டிவ் வரைக்கும் இது போகிறது.

கணக்கு இதுதான்

9, 10 போட்டவர்கள் ‘ப்ரொமோட்டர்’. அதாவது நாலு பேரிடம் நல்லதாகச் சொல்வார்கள். 7, 8 போட்டவர்கள் ‘பாசிவ்’, எந்தப் பக்கமும் சேராதவர்கள். 0 முதல் 6 வரை போட்ட எல்லோரும் ‘டிட்ராக்டர்’, அதிருப்தியாளர்கள். முதல் பிரிவின் சதவீதத்திலிருந்து கடைசிப் பிரிவின் சதவீதத்தைக் கழித்தால் என்பிஎஸ். எல்லோரும் 9-க்கு மேல் போட்டால் +100, எல்லோரும் 6-க்குள் போட்டால் -100.

நூறு பேர் பதில் சொன்னார்கள். 50 பேர் ப்ரொமோட்டர், 30 பேர் பாசிவ், 20 பேர் டிட்ராக்டர் என்றால் மதிப்பெண் 30. ஒரு ஸ்லைடில் பெரிய எழுத்தில் போட வசதியான எண். ஆனால் இதே 30 வேறு வழிகளிலும் வரும். 30 பேர் 9-க்கு மேல் போட்டு மற்ற 70 பேரும் 7, 8 என்று சும்மா இருந்தாலும் 30. 65 பேர் புகழ்ந்து 35 பேர் கடுப்பில் இருந்தாலும் 30. முதல் கடை பெரிதாகப் பேசப்படாத, அமைதியான கடை. இரண்டாவது கடையில் மூன்றில் ஒருவர் சண்டை போட்டுவிட்டுப் போகிறார். ரிப்போர்ட்டில் இரண்டும் ஒன்றுதான்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. பாதிக்கப்பட்ட ஒருவர் 0 போடும் மனநிலையில் வருகிறார். ஊழியர் ஒருவர் அரை மணி நேரம் பேசி, பிரச்சினையைப் பாதியாவது தீர்த்து, அவரை 6 போடும் அளவுக்குச் சமாதானப்படுத்துகிறார். மதிப்பெண்ணில் மாற்றம்? ஒன்றுமில்லை. 0-ம் 6-ம் ஒரே கூடைதான். ஏற்கெனவே 8 போட இருந்தவரிடம், ‘சார், ஒரு 9 போடுங்க’ என்று கெஞ்சினால் போதும், மதிப்பெண் ஏறிவிடும். மாதத்துக்கு 20 பேர் மட்டும் பதில் சொல்லும் ஒரு சின்னக் கிளையில் அந்த ஒரே ஆள் 5 புள்ளி. எந்த வேலைக்குக் கூலி கிடைக்கிறது, எதற்குக் கிடைக்கவில்லை என்பது இந்தக் கணக்கிலேயே எழுதியிருக்கிறது.

கார் வாடகைக் கடையில் பிறந்த ஐடியா

இந்த முறையை உருவாக்கியவர் ஃபிரெட் ரெய்க்ஹெல்ட். பெயின் அண்ட் கம்பெனி என்ற அமெரிக்க ஆலோசனை நிறுவனத்தைச் சேர்ந்தவர். 2003 டிசம்பர் ‘ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ’ இதழில் அவர் எழுதிய கட்டுரையில்தான் இது உலகத்துக்கு அறிமுகமானது. நிறுவனம் வளர ஒரே ஒரு எண் போதும் என்பதே அதன் தலைப்பின் சாரம்.

ஐடியாவுக்கான பொறி அவருடையது இல்லை. என்டர்பிரைஸ் ரென்ட்-ஏ-கார் என்ற அமெரிக்க வாடகைக் கார் நிறுவனத்தின் தலைவர் ஆண்டி டெய்லர், 1998-ல் நடந்த ஒரு கூட்டத்தில் தங்கள் முறையை விளக்கினார். அவர்கள் வாடிக்கையாளரிடம் இரண்டே கேள்விகள்தான் கேட்டார்கள். வாடகை அனுபவம் எப்படி இருந்தது? மறுபடியும் எங்களிடம் வருவீர்களா? அதிலும் உச்சபட்ச மதிப்பெண் கொடுத்தவர்களை மட்டும் எண்ணிக்கையில் எடுத்துக்கொண்டார்கள். சுமாராகத் திருப்தி அடைந்தவர்களை விட்டுவிட்டார்கள். கேள்வி குறைவு என்பதால் ஆயிரக்கணக்கான கிளைகளின் தரவரிசையைச் சில நாட்களிலேயே வெளியிட முடிந்தது.

‘ஓரளவு திருப்தி’யை ஏன் விட்டுவிட வேண்டும்? அதற்குப் பழைய ஆதாரம் ஒன்று உண்டு. 1995-ல் ஜோன்ஸ், சாஸர் என்ற இரண்டு ஹார்வர்ட் ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரையில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் அனுபவம் வருகிறது. ‘முழுத் திருப்தி’ என்று சொன்னவர்கள், வெறும் ‘திருப்தி’ என்று சொன்னவர்களைவிட 6 மடங்கு அதிகமாக, அடுத்த ஒன்றரை ஆண்டுக்குள் மறுபடி ஜெராக்ஸ் பொருள் வாங்கும் வாய்ப்புள்ளவர்களாக இருந்தார்கள். 4-க்கும் 5-க்கும் நடுவில் இருந்த இடைவெளி ஒரு மதிப்பெண் இல்லை, ஒரு பள்ளம்.

ரெய்க்ஹெல்ட் இதை எடுத்துக்கொண்டு, எந்தக் கேள்விக்கான பதில் பிறகு நடப்பதோடு ஒத்துப்போகிறது என்று தேடினார். ஆறு துறைகளில் ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களிடம் பல கேள்விகள் கேட்டு, அவர்கள் உண்மையில் மறுபடி வாங்கினார்களா, யாரையாவது கூட்டி வந்தார்களா என்று பார்த்தார். 14 ஆய்வுகளில் 11-ல், ‘சிபாரிசு செய்வீர்களா?’ என்ற கேள்வி முதல் இடத்திலோ இரண்டாம் இடத்திலோ வந்தது. காரணமும் புரிகிற மாதிரிதான் இருக்கிறது. ‘பிடிச்சிருக்கா?’ என்று கேட்டால் மரியாதைக்கு ‘ம்’ என்று சொல்லிவிடலாம். நண்பரிடம் ஒரு மெக்கானிக்கையோ ஒரு டாக்டரையோ சிபாரிசு செய்தால் நம் பெயரையும் அடகு வைக்கிறோம். ‘நீ சொன்னேன்னுதான் போனேன்’ என்ற வசனம் யாருக்குத்தான் தெரியாது?

6 மார்க் என்றால் ஃபர்ஸ்ட் கிளாஸ் இல்லையா?

சிக்கல் அளவுகோலிலேயே ஆரம்பிக்கிறது. 35 எடுத்தால் பாஸ், 60 எடுத்தால் ஃபர்ஸ்ட் கிளாஸ் என்று வளர்ந்தவர்கள் நாம். பத்துக்கு ஆறு என்பது நம்மூர் மனசில் கௌரவமான மதிப்பெண். விடைத்தாளில் நூற்றுக்கு நூறு போட வாத்தியாருக்கே கை நடுங்கும் ஊரில், ஒரு கூரியர் கம்பெனிக்கு 10 போடுவதற்கு என்ன அவசியம்? ஆனால் அமெரிக்காவில் வரையப்பட்ட கோடு அப்படியே இங்கேயும் நிற்கிறது. ‘நல்லா இருக்கு’ என்று நினைத்து 6 போட்டவர் அதிருப்தியாளராகிவிடுகிறார்.

நாட்டுக்கு நாடு மதிப்பெண் போடும் பழக்கம் மாறும் என்பது கருத்துக்கணிப்புத் துறையில் பல காலமாகத் தெரிந்த விஷயம். ஜப்பானில் நடுவில் நிற்பார்கள், லத்தீன் அமெரிக்க நாடுகளில் உச்சத்துக்கே போவார்கள். அதனால் டோக்கியோ கிளையையும் மெக்சிகோ கிளையையும் ஒரே பட்டியலில் அடுக்கினால், ஜப்பான்காரர்கள் மோசமாக வேலை பார்ப்பது போலத் தெரியும். உண்மையில் அவர்களின் வாடிக்கையாளர்கள் மார்க் போடுவதில் கஞ்சம், அவ்வளவுதான். பல நாட்டு வாடிக்கையாளர்களைக் கையாளும் சென்னை, கோவை சப்போர்ட் டீம்களுக்கு இது வெறும் தியரி இல்லை. எந்த நாட்டு அழைப்பு யாருக்குப் போகிறது என்பதைப் பொறுத்தே அவர்களின் மாத ஸ்கோர் மாறிவிடும்.

பெட்டி யார் திரையில் வருகிறது?

வெப்சைட் சர்வேயில் கேள்வியைவிட முக்கியமானது, அது யாரிடம், எப்போது கேட்கப்படுகிறது என்பது.

பணம் கட்டி முடித்த பக்கத்தில் பெட்டி வந்தால், பணம் கட்ட முடிந்தவர்கள் மட்டும்தான் பதில் சொல்வார்கள். ஓடிபி வராமல் மூன்று தடவை முயற்சி செய்து, ‘போங்கடா’ என்று வேறு ஆப்புக்குப் போனவர் அந்தப் பக்கத்தையே பார்த்திருக்க மாட்டார். யாருடைய கருத்து நிறுவனத்துக்கு அதிகம் தேவையோ அவர் சர்வேயில் இல்லவே இல்லை. உள்ளே வந்த ஐந்தாவது நொடியிலேயே பெட்டி வந்தாலும் தொல்லைதான். இன்னும் ஒன்றையும் பார்க்காத ஆள் எதை வைத்து சிபாரிசு செய்வார்?

பதில் சொல்ல முன்வருபவர்களும் எல்லோரையும் போன்றவர்கள் இல்லை. ரொம்பச் சந்தோஷமானவர்களும் ரொம்பக் கோபமானவர்களும்தான் நேரம் ஒதுக்குவார்கள். இதன் விலையை அமெரிக்கப் பத்திரிகை ஒன்று 1936-லேயே கொடுத்தது. ‘லிட்டரரி டைஜஸ்ட்’ அதிபர் தேர்தலுக்காகச் சுமார் 1 கோடி பேருக்குக் கணிப்புச் சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் பதில்கள் திரும்பின. ஆல்ஃப் லாண்டன் ஜெயிப்பார் என்று அறிவித்தது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளினார். முகவரிப் பட்டியல் கார், டெலிபோன் வைத்திருந்தவர்கள் பக்கம் சாய்ந்திருந்தது; போதாததற்கு, பதில் அனுப்பியவர்களும் அனுப்பாதவர்களும் வேறு வேறு மனநிலையில் இருந்தார்கள். எத்தனை லட்சம் பதில் வந்தாலும் இந்த ஓட்டை அடைபடாது. ‘எங்களுக்கு 50 ஆயிரம் ரெஸ்பான்ஸ் வந்திருக்கு’ என்று மீட்டிங்கில் யாராவது சொன்னால், எத்தனை லட்சம் பேரிடம் கேட்டு வந்தது என்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்க வேண்டும்.

அப்புறம் டிசைன். 0 முதல் 6 வரை சிவப்பு, 9-ம் 10-ம் பச்சை என்று வண்ணம் தீட்டியிருக்கும் அளவுகோல், எந்தப் பக்கம் தட்ட வேண்டும் என்று கண்ணைக் காட்டுகிறது. சின்ன மொபைல் திரையில் பதினோரு பொத்தான்கள் அடங்காமல் 10 வெளியே ஒளிந்துகொண்டால் மதிப்பெண் கீழே இறங்கும். போன மாதம் ஸ்கோர் ஏறியதற்குச் சேவை காரணமா, ஆப் அப்டேட்டில் பொத்தான் இடம் மாறியது காரணமா என்று தெரியாமல் கேக் வெட்டிய டீம்கள் இருக்கத்தான் செய்யும்.

எண்ணிக்கை குறைவாக இருந்தால் வரும் ஆட்டத்தையும் சொல்லியாக வேண்டும். மேலே பார்த்த அதே உதாரணம்: 50 சதவீதம் ப்ரொமோட்டர், 20 சதவீதம் டிட்ராக்டர், பதில் சொன்னவர்கள் 100 பேர். மதிப்பெண் 30 என்கிறோம். புள்ளியியல் கணக்குப்படி அதற்கு இரண்டு பக்கமும் சுமார் 15 புள்ளி பிழை வரம்பு உண்டு. உண்மை 15 ஆகவும் இருக்கலாம், 45 ஆகவும் இருக்கலாம். 400 பேர் பதில் சொன்னால் அந்தப் பிழை சுமார் 8 ஆகக் குறையும். அதாவது பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு ஆட்கள் வேண்டும். இந்த மாதம் 30, அடுத்த மாதம் 24 என்று வந்தவுடன் கிளை மேனேஜரை மீட்டிங்கில் நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறார்களே, அந்த 6 புள்ளி பெரும்பாலும் காற்றில் ஆடிய ஆட்டம்தான்.

‘பத்துக்குப் பத்து போட்டுடுங்க சார்’

வண்டியை சர்வீஸுக்கு விட்ட எவரும் இதைக் கேட்டிருப்பார்கள். சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்த ஊழியர் குரலைத் தாழ்த்துவார். “சார், ரெண்டு நாள்ல கம்பெனியில இருந்து லிங்க் வரும். பத்துக்குப் பத்து போட்டுடுங்க. ஒன்பது போட்டாக்கூட எங்களுக்குப் பிரச்சினை சார்.” சில இடங்களில் சலுகையாக ஒரு வாட்டர் வாஷும் சேரும்.

அந்த ஊழியரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? அவருடைய இன்சென்டிவ் அந்த லிங்கில் தொங்குகிறது. உதிரி பாகம் வர ஐந்து நாள் தாமதமானது அவரால் இல்லை. எஸ்டிமேட் எகிறியதும் அவரால் இல்லை. ஆனால் வாடிக்கையாளர் கடைசியாகப் பார்த்த முகம் அவருடையது. நிறுவனத்தின் மேல் உள்ள கோபம் ஒரு எண்ணாக மாறி அவர் கணக்கில் விழுகிறது.

இந்த ஐடியாவின் தாய்வீடான அமெரிக்காவிலும் கதை இதேதான். 2018-ல் மட்டும், எஸ் அண்ட் பி 500 பட்டியலில் உள்ள 50 நிறுவனங்கள் முதலீட்டாளர் கூட்டங்களில் 150 தடவைக்கு மேல் என்பிஎஸ்ஸைக் குறிப்பிட்டதாக ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ 2019-ல் கணக்கெடுத்து எழுதியது. இந்த எண்ணை யாரும் தணிக்கை செய்வதில்லை. எப்படிக் கேட்டோம், யாரிடம் கேட்டோம் என்று சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. லாபக் கணக்கை இப்படிச் சொன்னால் ஆடிட்டர் விடுவாரா?

இதைவிடக் கொஞ்சம் தந்திரமான முறையும் இருக்கிறது. நீங்கள் 9, 10 போட்டால், ‘நன்றி! ஸ்டோரில் ஒரு ரிவ்யூ எழுதுங்களேன்’ என்று உங்களைப் பொதுவெளிக்கு அனுப்பும். 4 போட்டால், ‘மன்னிக்கவும், என்ன பிரச்சினை என்று எங்களிடம் சொல்லுங்கள்’ என்று ஒரு உள் படிவத்துக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். பாராட்டு வெளியே, திட்டு உள்ளே. இப்படி நல்லது சொல்பவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து ரிவ்யூ கேட்பதை கூகுள் தன் விதிகளில் தடை செய்திருக்கிறது.

இதன் இன்னும் அப்பட்டமான வடிவத்துக்கு அபராதமே விழுந்திருக்கிறது. ஃபேஷன் நோவா என்ற அமெரிக்க ஆன்லைன் துணி நிறுவனம், 4, 5 நட்சத்திர ரிவ்யூக்களைத் தானாக வெளியிட்டுவிட்டு, அதற்குக் கீழே வந்தவற்றை வெளியிடாமல் நிறுத்தி வைத்தது என்பது அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் குற்றச்சாட்டு. 2022 ஜனவரியில் 42 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டு அந்த வழக்கு முடிந்தது. இந்தியாவில் அதே ஆண்டு நவம்பரில் ஆன்லைன் ரிவ்யூக்களுக்காக இந்தியத் தர நிர்ணய அமைவனம் ‘ஐஎஸ் 19000:2022’ என்ற தரத்தை வெளியிட்டது. அது கட்டாயமாக அல்ல, விரும்பியவர்கள் பின்பற்றலாம் என்ற அளவில்தான் வந்தது. வெளியே காட்டப்படும் ரிவ்யூக்களுக்காவது இவ்வளவு இருக்கிறது. நிறுவனம் தனக்குள் வைத்துக்கொள்ளும் சர்வே எண்ணை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

சரி, எண் வளர்ச்சியைச் சொல்கிறதா?

இங்கேதான் ஆய்வாளர்கள் ரெய்க்ஹெல்டை மடக்கினார்கள். கீனிங்ஹாமும் மூன்று சக ஆய்வாளர்களும் 2007-ல் ‘ஜர்னல் ஆஃப் மார்க்கெட்டிங்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நார்வே நாட்டின் வாடிக்கையாளர் திருப்திக் கணக்கெடுப்பின் பல ஆண்டுத் தரவுகளை எடுத்து, என்பிஎஸ்தான் வளர்ச்சியைச் சொல்வதில் மற்ற எல்லாவற்றையும்விடச் சிறந்தது என்ற வாதத்தைச் சோதித்தார்கள். அந்த வாதத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பழைய பாணித் திருப்திக் கேள்விகளே இதற்குச் சளைத்தவை இல்லை. ரெய்க்ஹெல்டின் கட்டுரையே, எதிர்கால வளர்ச்சியைக் கணிக்காமல் பெரும்பாலும் நடந்து முடிந்த வளர்ச்சியோடுதான் மதிப்பெண்ணைப் பொருத்திப் பார்த்தது என்ற விமர்சனமும் உண்டு. வளர்ந்துகொண்டிருக்கும் கடையைப் பலர் சிபாரிசு செய்வார்கள் என்பதும், சிபாரிசால் கடை வளரும் என்பதும் ஒன்றல்ல.

2025-க்குள் முக்கால்வாசி நிறுவனங்கள் இதைக் கைவிட்டுவிடும் என்று கார்ட்னர் ஆய்வு நிறுவனம் 2021-ல் ஆரூடம் சொன்னது. உங்கள் போனில் வரும் பெட்டிகளைப் பார்த்தால் அப்படி எதுவும் நடந்த மாதிரி தெரியவில்லை.

இன்னொரு பெரிய ஓட்டையை ரெய்க்ஹெல்டே 2003-ல் ஒப்புக்கொண்டிருந்தார். வேறு வழியே இல்லாத சந்தையில் இந்தக் கேள்வி வேலை செய்யாது. உள்ளூரில் ஒரே கேபிள் கம்பெனி இருந்தால் நீங்கள் சிபாரிசு செய்தால் என்ன, செய்யாவிட்டால் என்ன? மேலே சொன்ன ஜோன்ஸும் சாஸரும் இப்படிப்பட்ட வாடிக்கையாளர்களுக்கு ‘பணயக்கைதிகள்’ என்றே பெயர் வைத்தார்கள். மனசில் கடுப்பு, ஆனால் போக இடமில்லை.

இந்தியர்களுக்கு இதைப் புரிந்துகொள்ள மொபைல் நம்பரே போதும். 2011 ஜனவரி 20-ல் நம்பர் மாறாமல் நெட்வொர்க் மாறும் வசதி நாடு முழுக்க வந்தது. அதற்கு முன், டவர் கிடைக்காமல் மொட்டை மாடிக்கு ஓடினாலும் அதே சிம்மில் பத்து வருடம் இருந்தவர்கள் ஏராளம். பேங்க், ஆபீஸ், சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் அந்த நம்பர்தான் இருந்தது. நிறுவனத்தின் ரெக்கார்டில் அவர் பத்து வருட விசுவாசமான கஸ்டமர். அவரைக் கேட்டால் கதை வேறு.

அண்ணாச்சி எப்படிக் கணக்கெடுக்கிறார்?

‘வாடிக்கையாளர்’ என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். வாடிக்கை என்றால் வழக்கம். ‘வாடிக்கையா பால் வாங்குற வீடு’ என்று சொல்கிறோமே, அதுதான். திரும்பத் திரும்ப வருவது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆங்கில ‘லாயல்டி’யை விசுவாசம் என்று மொழிபெயர்க்கும்போதுதான் அது மனசு, உணர்வு என்று வேறு பக்கம் போகிறது.

தெருமுனை மளிகைக் கடை அண்ணாச்சி 0 முதல் 10 வரை கேட்டதே இல்லை. இரண்டு வாரம் ஆள் வரவில்லை என்றால் அவருக்குத் தெரிந்துவிடும். அடுத்த தடவை பார்க்கும்போது, “என்ன தம்பி, ஆளையே காணோம்?” என்பார். பருப்பில் வண்டு இருந்ததா, பக்கத்தில் சூப்பர் மார்க்கெட் வந்துவிட்டதா, வீடு மாறிவிட்டார்களா என்பது அந்த ஒரு கேள்வியில் வெளியே வந்துவிடும். நடத்தையைப் பார்த்துவிட்டு, பிறகு காரணத்தைக் கேட்கிறார்.

பெரிய நிறுவனங்களிடமும் இந்தத் தகவல் இருக்கிறது. யார் மறுபடி வாங்கினார், யார் சந்தாவை ரத்து செய்தார், யாருடைய ரெஃபரல் கோடில் எத்தனை பேர் வந்தார்கள் என்பதெல்லாம் அவர்கள் சர்வரிலேயே கிடக்கிறது. சுற்றிவிட்டு ரெய்க்ஹெல்டும் கிட்டத்தட்ட இங்கேதான் வந்து சேர்ந்தார். 2021-ல் அதே ஹார்வர்ட் இதழில், நிறுவனங்கள் தாமாகச் சொல்லிக்கொள்ளும், தணிக்கை இல்லாத மதிப்பெண்களும் அவற்றைப் போனஸோடு முடிச்சுப் போட்டதும் தன் முறையின் நம்பகத்தன்மையைக் கெடுத்துவிட்டதாக எழுதினார். பழைய வாடிக்கையாளர்கள் திரும்பி வந்ததாலும், அவர்கள் கூட்டி வந்த புதியவர்களாலும் எவ்வளவு வருமானம் கூடியது என்பதைக் கணக்குப் புத்தகத்திலிருந்தே எடுக்கும் இன்னொரு அளவையும் கூடவே முன்வைத்தார்.

கேள்வியே வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. போனவர் போனார் என்று சர்வர் சொல்லும். ஏன் போனார் என்று சொல்லாது. அதற்கு ஆளைத்தான் கேட்க வேண்டும். எதைக் கேட்பது என்பதில் 2010-ல் வந்த ஒரு யோசனை, ஆப் பயன்படுத்தும் எல்லோருக்கும் சட்டென்று பிடிக்கும். மேத்யூ டிக்சனும் சக ஆய்வாளர்களும் 75 ஆயிரத்துக்கும் அதிகமான வாடிக்கையாளர்களை ஆராய்ந்து, அசத்தலான சேவையைவிட, அலைக்கழிக்காத சேவைதான் ஆட்களைத் தக்கவைக்கிறது என்று எழுதினார்கள். ‘உங்கள் வேலையை முடிக்க நீங்கள் எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது?’ என்பது அவர்கள் கேட்கச் சொன்ன கேள்வி. ரீஃபண்டுக்காக நாலு தடவை கால் செய்து, நாலு பேரிடமும் முதலிலிருந்து கதை சொன்னவருக்கு, இதற்கான பதில் யோசிக்காமலே வரும்.

பெட்டி மறுபடி வந்தால்?

முதலில், பெரும்பாலான ஆப்களில் நீங்கள் லாகின் செய்துதான் இருக்கிறீர்கள். அதனால் நீங்கள் தட்டும் எண் பெயரில்லாத எண்ணாக இருக்காது. உங்கள் கணக்கோடு, ஆர்டரோடு, சில நேரம் உங்களுக்குச் சேவை செய்த ஊழியரின் ஐடியோடும் சேர்த்துத்தான் பதிவாகிறது. ஆபீஸில் ஹெச்ஆர் அனுப்பும் ‘இந்த நிறுவனத்தில் வேலை பார்க்க நண்பருக்குச் சிபாரிசு செய்வீர்களா?’ என்ற சர்வேயும் இதே கேள்வியின் உடன்பிறப்புதான். அது அனானிமஸ் என்று போட்டிருந்தாலும், ஆறு பேர் இருக்கும் டீமில் இரண்டு வருட அனுபவம், டெஸ்டிங் பிரிவு என்று நிரப்பிவிட்டால் ஆளைக் கண்டுபிடிக்க ஜேம்ஸ் பாண்ட் வர வேண்டியதில்லை.

பெருக்கல் குறியைத் தட்டிய பிறகும் பெட்டி விடாமல் வருகிறதா? மறைமுகத் தந்திர டிசைன்களுக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல் அறிவித்த விதிகளில், தடை செய்யப்பட்ட 13 தந்திரங்களில் வணிக ஆதாயத்துக்காக ஓயாமல் நச்சரிப்பதும் ஒன்று. சர்வே பெட்டியை அந்த விதிகள் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஆனால் ‘வேண்டாம்’ என்று சொல்ல வழியே இல்லாத பெட்டியாக இருந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் செய்யத் தடையும் இல்லை.

எண்ணுக்குக் கீழே ஒரு காலிக் கட்டம் இருக்கும். ‘இந்த மதிப்பெண்ணுக்கு என்ன காரணம்?’ பெரும்பாலானவர்கள் தாண்டிப் போகும் கட்டம் அது. ‘டெக்னீஷியன் நல்லா வேலை பார்த்தார். ஆனா உங்க சிஸ்டம் அப்பாயின்ட்மென்ட்டை மூணு தடவை மாத்திடுச்சு’ என்று அதில் ஒரு வரி எழுதினால், 10-ஐ அவருக்குப் போட்டுவிட்டுக் கோபத்தை கம்பெனிக்கு அனுப்பலாம். வெறும் 4 போட்டுவிட்டு மூடினால், மாதக் கடைசியில் அதற்குப் பதில் சொல்லப்போவது அந்த டெக்னீஷியன்தான்.